அனுமதி பெற்று மணம் முடிக்க: ஒரு பணிவிதிக்கு விளக்கவுரை

இலக்கணத்துக்கு உரை எழுதினோம், இலக்கியத்துக்கு எழுதினோம், உரைக்கே உரை எழுதினோம். அரசு அலுவலகத்தின் பணிவிதிக்கு உரை எழுத யாரும் உட்கார்ந்ததில்லை. எழுதப்பட வேண்டியவை அவைதான் என்பது என் எண்ணம். ஒரு செய்யுள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால் யாருக்கும் வேலை போகாது.

இங்கே எடுத்துக்கொள்ளும் மூலம் சிறியது. இந்திய வெளியுறவுப் பணிக்கென 1961-இல் வகுக்கப்பட்ட விதிகளில் இரண்டு. அவற்றைப் பற்றி 1979 செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் நான்கு இடங்கள். மூலம் ஆங்கிலம், தமிழில் தந்திருப்பது என் வாசகம்.

உரைக்கு முன் பாயிரம் வேண்டுமல்லவா? வழக்குத் தொடுத்தவர் சி.பி. முத்தம்மா. குடகின் வீராஜ்பேட்டையில் 1924-இல் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்று, மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார். 1948-இல் குடிமைப் பணித் தேர்வு எழுதி, மறு ஆண்டு வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் இவர். நேர்முகத்தின்போது தேர்வாணையத் தலைவர் இந்தப் பணி வேண்டாமென்று தடுத்துப் பார்த்ததாகவும், நேர்முகத்தில் குறைந்தபட்ச மதிப்பெண் விழும்படி தாமே பார்த்துக்கொண்டதாகப் பின்னொரு நாள் அவரே நேரில் சொன்னதாகவும் முத்தம்மா தம் மனுவில் குறிப்பிடுகிறார். அத்தனையையும் தாண்டி உள்ளே வந்தபோது, திருமணம் செய்துகொண்டால் விலகிவிடுவேன் என்று எழுதியும் கொடுக்க வேண்டியிருந்தது. 1970-இல் ஹங்கேரிக்குத் தூதரானார், பிறகு கானாவுக்கு. அப்படிப்பட்டவரைப் பணியின் முதல் நிலைக்கு உயர்த்தத் தகுதி போதவில்லை என்றது அமைச்சகம். அதன்பின் அவர் உச்ச நீதிமன்றம் போனார்.

இனி மூலம்.

மூலம்: பணியிலுள்ள பெண் உறுப்பினர், தம் திருமணம் நடைபெறுவதற்கு முன் அரசின் அனுமதியை எழுத்து மூலம் பெற வேண்டும். (நடத்தை, ஒழுங்கு விதிகள், விதி 8, உட்பிரிவு 2)

இந்த வாக்கியம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள் என்றால் பரிசு வாங்காதே, வட்டிக்கு விடாதே, கட்சி மேடை ஏறாதே என்ற வகையறா. கை நீளக்கூடிய இடங்களில் போடும் கட்டு. அந்த வரிசையில் ஒரு பெண்ணின் கல்யாணமும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எழுத்து மூலம் என்பதன் பொருள், ஒரு கோப்பு திறக்கப்படும் என்பது. பிரிவு அலுவலர் குறிப்பு எழுதுவார், சார்புச் செயலர் ‘பார்க்கப்பட்டது’ என்று கையெழுத்திடுவார், மேலே போனது ஒரு விளக்கம் கேட்டுக் கீழே வரும். கோப்பு நகரும் வேகம் தெரிந்தவர்கள், தை முகூர்த்தத்துக்கு ஆடியிலேயே விண்ணப்பம் போடச் சொல்வார்கள். எந்தக் காரணத்துக்காக அனுமதி மறுக்கலாம் என்று இந்த விதி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாப்பிள்ளை சரியில்லையா, மாதம் சரியில்லையா, பெண்ணின் பதவியே சரியில்லையா? எதற்கும் விடை கிடையாது. காரணம் சொல்லத் தேவையில்லாதவருடைய அதிகாரம்தான் அலுவலகத்தில் பெரிய அதிகாரம்.

ஆண் அதிகாரிக்கு இந்தக் கடிதம் தேவைப்படவில்லை.

மூலம்: திருமணத்துக்குப் பின் எந்த நேரத்திலும், குடும்ப, இல்லக் கடமைகள் அவர் தம் பணியை முறையாகவும் திறமையாகவும் ஆற்றுவதற்கு இடையூறாக வரக்கூடும் என்று அரசுக்குத் திருப்தி ஏற்படுமானால், அவரைப் பணியிலிருந்து விலகுமாறு கேட்கலாம். (அதே உட்பிரிவின் அடுத்த வாக்கியம்)

உரைகாரனுக்கு விருந்து இந்த வாக்கியம்தான். நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதலாவது, இடையூறு வந்துவிட்டது என்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. வரக்கூடும் என்று தோன்றினால் போதும். அந்தப் பெண் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்திருக்க வேண்டாம், ஒரு தந்திகூட அனுப்பத் தவறியிருக்க வேண்டாம். குற்றம் நடக்குமுன்னே தண்டனை தயார். இரண்டாவது, அந்தத் திருப்தி யாருடையது? அரசுடையது. அவர் கீழ் வேலை பார்த்தவர்களுடையதோ, அவரோடு பேச்சுவார்த்தை நடத்திய அயல்நாட்டவருடையதோ அல்ல. மூன்றாவது, எந்த நேரத்திலும். அனுமதி வாங்கி முறைப்படி மணம் முடித்தவருக்கும் தலைக்கு மேல் கத்தி தொங்கிக்கொண்டேயிருக்கும். இருபது ஆண்டு கழித்தும் இறங்கலாம். இப்படிப்பட்ட விதியை ஒருமுறைகூடப் பயன்படுத்தத் தேவையில்லை. இருக்கிறது என்று தெரிந்தாலே போதும், பெண் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

நான்காவதாகச் சொல்ல வேண்டியதை விதி சொல்லாமல் விட்டிருக்கிறது. தூதரகம் என்ற அமைப்பே குடும்பத்தின் மேல் கட்டப்பட்டது. தூதர் தரும் விருந்துக்கு யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது, எந்த நாட்டுத் தூதருக்கு மாட்டிறைச்சி ஆகாது, யாருக்குப் பன்றி ஆகாது, குடியரசு நாள் வரவேற்பில் எத்தனை தட்டு வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டவர் தூதரின் மனைவி. சம்பளம் இல்லை, பதவிப் பெயரும் இல்லை. ஆண் அதிகாரிக்குக் குடும்பம் என்பது அலுவலகத்துக்குக் கிடைத்த இலவச ஆள்பலம். பெண் அதிகாரிக்கு அதே குடும்பம் திறமைக்கு இடையூறு. இரண்டையும் ஒரே அமைச்சகம் ஒரே நாளில் நம்பியது. முத்தம்மா போன்றவர்கள் தூதரின் வேலையையும் செய்தார்கள், தூதரின் மனைவி செய்திருக்கக்கூடிய வேலையையும் சேர்த்துச் செய்தார்கள். அதற்குப் பிறகும் தகுதி போதவில்லை.

கடமை இடிக்கும் என்ற வாதம் வெளியுறவு அமைச்சகத்துக்கு மட்டும் சொந்தமில்லை. ஒரு மருந்து நிறுவனத்தில் பெட்டிகளில் மருந்தடைத்து, சீட்டு ஒட்டும் பெண்கள் மணமானால் வேலை போகும் என்று விதி இருந்தது. மணமான பெண்கள் அதிகம் விடுப்பு எடுப்பார்கள் என்றது நிறுவனம். பம்பாய்த் தொழிற்சங்கம் ஒன்று கொண்டுபோன அந்த வழக்கில், மகப்பேறு விடுப்பைத் தவிர வேறு வேறுபாடு எதுவும் தெரியவில்லை என்று உச்ச நீதிமன்றம் விதியைத் தள்ளிவிட்டது. தீர்ப்பு 1966-ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே இருக்கிறது. மருந்துப் பெட்டி ஒட்டும் பெண்ணுக்குக் கிடைத்த நீதி, தூதரகத்துப் பெண்ணை எட்ட மேலும் 13 ஆண்டு ஆயிற்று.

2020-இல் ராணுவம் அதே வாதத்தை மீண்டும் கொண்டுவந்தது. பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணியும் படைப்பிரிவுத் தலைமையும் தருவது பற்றிய பபிதா பூனியா வழக்கு அது. கருவுறுதல், தாய்மை, வீட்டுக் கடமைகள் ஆகியவற்றோடு, கிராமப்புறங்களிலிருந்து வரும் ஆண் சிப்பாய்கள் பெண்ணின் ஆணையை ஏற்க இன்னும் மனத்தளவில் பழகவில்லை என்ற காரணத்தையும் ஒன்றிய அரசு எழுதிக் கொடுத்தது. யாருக்குப் பழக்கம் போதவில்லையோ அவருக்குப் பயிற்சி தராமல், அடுத்தவரின் பதவியை நிறுத்திவைக்கும் கணக்கு இது. நீதிமன்றம் பிப்ரவரி 17 அன்று அதை ஏற்க மறுத்தது. இன்று கர்னல் நிலையில் பெண்கள் படைப்பிரிவுகளுக்குத் தலைமை தாங்குகிறார்கள். அதே சிப்பாய்கள் சல்யூட் அடிக்கிறார்கள்.

நம் ஊர்ப் பக்கமும் ஒரு செய்தி வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் உதிரிகளைப் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை அந்த வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது, ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் செய்தியில் சொல்லப்பட்ட காரணங்களில் குடும்பப் பொறுப்பும் ஒன்று. 63 ஆண்டு பழைய சொற்றொடருக்கு ஆயுள் கெட்டி.

மூலம்: மணமான பெண் எவரும் இப்பணியில் நியமனம் பெறுவதை உரிமையாகக் கோர முடியாது. (ஆட்சேர்ப்பு, பணிமூப்பு, பதவி உயர்வு விதிகள், விதி 18, உட்பிரிவு 4)

மணமான பெண்ணை எடுக்கவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்வது பிழை. எடுக்கலாம், அரசு மனம் வைத்தால். தடை போட்டிருந்தால், அரசு வேலையில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 16-ஆம் உறுப்பு நேரே வந்து மோதும் என்று வரைந்தவருக்குத் தெரியாதிருக்காது. அதனால் உரிமையைப் பிடுங்கிக்கொண்டு சலுகையை நீட்டினார். சலுகையில் உள்ளே வந்தவர் நன்றியோடு இருக்க வேண்டும். பதவி உயர்வு கேட்டால் அது பேராசையாகத் தெரியும்.

குடும்பப் பொறுப்புள்ள பெண்ணால் தூதுவேலை முடியாது என்று அரசு உண்மையிலேயே நம்பியதா? நம்பவில்லை. விஜயலட்சுமி பண்டிட் மூன்று பெண்களுக்குத் தாய். 1947-இல் மாஸ்கோவுக்கும் 1949-இல் வாஷிங்டனுக்கும் அனுப்பப்பட்டார், 1953-இல் ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைவரானார், 1954 முதல் லண்டனில் தூதராக இருந்து, இந்த விதி எழுதப்பட்ட அதே 1961-இல்தான் திரும்பினார். அவர் பிரதமரின் தங்கை, அரசியல் நியமனம். மேலிருந்து இறக்கப்படும் பெண்ணைக் கண்டு அமைச்சகம் அஞ்சவில்லை. தேர்வெழுதிக் கீழிருந்து ஏறி வரும் பெண்ணுக்குத்தான் விதி தேவைப்பட்டது.

ஐஏஎஸ் பணிக்கான விதிகளிலும் இதன் உடன்பிறப்பு இருந்தது. அன்னா ராஜம் அந்தப் பணிக்கு 1951-ஆம் ஆண்டுத் தொகுதியில் வந்தவர். அவரது நியமன ஆணையிலேயே மணம் முடித்தால் பணி முடியும் என்று எழுதியிருந்தது. அவருடைய நேர்முக வாரியம் என்ன சொன்னது தெரியுமா? ஆட்சிப் பணி வேண்டாம், வெளியுறவுப் பணிக்குப் போங்கள், அதுதான் பெண்களுக்குப் பொருத்தம் என்றது. இரண்டு மூன்று ஆண்டுக்கு முன் முத்தம்மாவிடம் வெளியுறவுப் பணி வேண்டாம் என்று சொல்லப்பட்டதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். பெண்ணுக்குப் பொருத்தமான இடம் எது என்றால், அவள் கேட்காத இடம்.

அன்னா ராஜம் சென்னை மாகாணத்தைத் தேர்ந்தார். முதலமைச்சர் ராஜாஜி அவரைத் சார் ஆட்சியராக வெளியே அனுப்பத் தயங்கினார். தலைமைச் செயலகத்தில் ஒரு நாற்காலி தருவதாகச் சொன்னார். சட்டம் ஒழுங்கைப் பெண் கையில் கொடுப்பதா என்ற தயக்கம். குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுதலும் கற்றிருந்த அவர், தமக்கு ஒரு வாய்ப்புத் தந்து பார்க்கும்படி வாதாடி ஓசூருக்குச் சார் ஆட்சியரானார். யானைக்கூட்டம் ஒன்று ஊர்ப்பக்கம் வந்துவிட்டபோது, சுட்டுவிடலாம் என்றார்கள். அவர் ஒப்பவில்லை, கூட்டத்தைக் காட்டுக்குத் திருப்ப ஏற்பாடு செய்தார். துப்பாக்கி சுடத் தெரிந்த அதிகாரி சுடவேண்டாம் என்பதற்கும், தெரியாதவர் சொல்வதற்கும் ஊரார் கண்ணில் வேறுபாடு உண்டு. முதலில் தயங்கிய ராஜாஜி பின்னாளில் அவரைப் பொதுமேடையிலேயே பாராட்டியிருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த விதி 18-இன் உட்பிரிவு 1973 நவம்பரில் நீக்கப்பட்டது. விதி 8 அப்படியே கிடந்தது. 1966 முதல் 1977 வரை நாட்டின் பிரதமர் ஒரு பெண். இரண்டு பிள்ளைகளின் தாய். அவர் தலைமையில் இயங்கிய அரசின் பணிவிதி, மணமான பெண்ணுக்கு வீட்டுக் கடமை இடையூறாகக்கூடும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தது. உச்சியில் ஒரு பெண் உட்கார்ந்தால் கீழே எல்லாம் தானாகச் சரியாகும் என்பவர்கள் இந்த 11 ஆண்டுக்குக் கணக்குச் சொல்லட்டும்.

மூலம்: பெண் உறுப்பினரின் குடும்பக் கடமைகள் பணிக்கு இடையூறாகலாம் என்றால், ஆண் உறுப்பினருக்கும் அதே நிலை வரலாம். (தீர்ப்பு)

எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். உடனமர்ந்தவர் பி.என். சிங்கால். சொன்னது எளிது; நம் வீட்டுத் திண்ணையில் பாட்டி கேட்டிருக்கக்கூடிய கேள்விதான். ஆனாலும் அந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்தின் வாயால் கேட்கவைக்க ஒருவர் தம் பெயரை மனுதாரராகப் போட வேண்டியிருந்தது.

ஒரு குறையும் சொல்லவேண்டும். பெண்களுக்கு விலங்கிடும் ஆண் மரபின் மிச்சம் என்று விதியைச் சாடும் அதே தீர்ப்பு, பெண்களை மெலிந்த பாலினம் என்றும் மென்மையானவர் என்றும் குறிப்பிடுகிறது. கிருஷ்ணய்யரின் ஆங்கிலம் அலங்காரத்துக்குப் பேர்போனது. அலங்காரத்தில் பழைய பாசி ஒட்டிக்கொண்டிருப்பது அவருக்கே தெரியவில்லை போலும்.

மூலம்: எல்லாத் தொழிலிலும் எல்லாச் சூழலிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று பொதுமைப்படுத்த நாங்கள் முனையவில்லை. வேறுபாடு நிரூபிக்கப்படக்கூடிய இடங்கள் நீங்கலாக, சமத்துவமே விதியாக இருக்க வேண்டும். (தீர்ப்பு)

முன்பாதி ஒரு கதவைத் திறக்கிறது, பின்பாதி சாத்தப் பார்க்கிறது. வேறுபாட்டை நிரூபிக்கும் சுமை அதைக் கோருபவர் தலையில் என்பதுதான் பின்பாதியின் வலு. அடுத்து வந்த வழக்குகளில் எல்லோரும் அதை அப்படிப் படிக்கவில்லை. 1981-இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில், முதல்முறை கருவுற்றதும் வேலைநீக்கம் என்ற விதியை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து நீக்கியது. ஆனால் பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் மணம் முடிக்கக்கூடாது என்ற விதியை அப்படியே விட்டுவிட்டது. பெண்ணுக்கு அதற்குள் முதிர்ச்சி வரும், குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது என்பதெல்லாம் காரணங்கள். முத்தம்மா தீர்ப்பின் மை காய்ந்து இரண்டே ஆண்டு.

மூலம்: மனுவைத் தள்ளுபடி செய்கிறோம்; சிக்கலைத் தள்ளுபடி செய்யவில்லை. (தீர்ப்பு)

ஆம், முத்தம்மா வழக்கில் தோற்றார். ஏட்டளவில். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அமைச்சகம் அவரை மறுமதிப்பீடு செய்து முதல் நிலைக்கு உயர்த்திவிட்டது. சில மாதங்களுக்கு முன் இல்லாத தகுதி நீதிமன்ற அழைப்பாணை வந்ததும் முளைத்துவிட்டது. விதி 18 போய்விட்டது, விதி 8-இன் பகுதியும் போகப்போகிறது, அரசிதழில் வரும் என்று அரசு உறுதி சொன்னது. ஆகவே தீர்க்க ஒன்றுமில்லை என்பது அரசின் நிலை.

நீதிமன்றம் அதோடு விடவில்லை. இடைப்பட்ட அந்தச் சில மாதங்களில் அவருக்கு இளையவர்கள் மேலே போய்விட்டார்கள். அவர்களோடு ஒப்பிட்டு முத்தம்மாவின் பணிமூப்பை மறுபரிசீலனை செய்யும்படி அரசுக்குச் சொன்னது. அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரியது என்று விளக்க வேண்டியதில்லை. சில மாத மூப்பில்தான் யார் பாரிஸ் போவார், யார் மூலையில் ஒரு மேசை பெறுவார் என்பது முடிவாகும்.

இந்த வழக்கில் பலருக்குத் தட்டுப்படாத இடம் ஒன்று. முத்தம்மா மணம் முடிக்கவில்லை. விதி 8 போவதால் அந்த 55 வயதில் அவருக்கு ஒரு பயனும் கிடையாது. அவர் கேட்ட பதவி உயர்வும் தீர்ப்புக்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் தம் குறையை மட்டும் மனுவில் எழுதாமல், பின்னால் வரும் பெண்களைக் கட்டும் விதிகளையும் சேர்த்து எழுதியிருந்தார். அலுவலகத்தில் தலைமை என்றால் என்ன என்று பயிற்சி வகுப்புகளில் படம்போட்டுக் காட்டுகிறார்கள். மேலே போவது எப்படி என்பதுதான் அதில் பெரும்பகுதி. ஏறிய பிறகு ஏணியைச் செப்பனிடுவது அதைவிட அரிது, அதுதான் தலைமை என்பேன். முத்தம்மாவை ஆண்கள் உலகில் நுழைந்த முதல் பெண் என்று மட்டும் கொண்டாடுவது அவருக்குப் பாதி மரியாதை. அந்த உலகத்தின் சட்டப்புத்தகத்தைத் திருத்தவைத்தவர் அவர்.

பிறகு நெதர்லாந்தில் தூதராக இருந்து 1982-இல் ஓய்வு பெற்றார். ஆயுதக் குறைப்புக்கான பால்மே ஆணையத்தில் இந்திய உறுப்பினராக இடம்பெற்றார். குடகுச் சமையலைப் பற்றியும் ஒரு புத்தகம் கூட்டாக எழுதினார். 2009-இல் காலமானார். சோகிலா அய்யர் முதல் பெண் வெளியுறவுச் செயலரானது 2001-இல், முத்தம்மா பணியில் சேர்ந்து 52 ஆண்டு கழித்து.

மூலம்: ரிட் மனுக்கள் வந்து தூண்டும் வரை காத்திராமல், பாலினப் பாகுபாட்டின் கறையைப் போக்க எல்லாப் பணிவிதிகளையும் அரசு சீர்படுத்த வேண்டும். (தீர்ப்பின் நிறைவுப் பகுதி)

ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியே வழக்குப் போட்டுத் தன் விதியை மட்டும் அடிக்க வேண்டிய நிலை கூடாது என்பது கருத்து. அரசே தன் பீரோக்களைத் திறந்து பார்க்க வேண்டும். இந்தத் தீர்ப்பில் மிகவும் நடைமுறைக்கு ஒத்த வரி இது. மிகக் குறைவாகக் கேட்கப்பட்ட வரியும் இதுதான்.

ராணுவச் செவிலியர் பணிக்கு 1977-இல் ஓர் அறிவுறுத்தல் வந்திருந்தது. மணம் முடிப்பது பணிநீக்கத்துக்கு அதில் ஒரு காரணம். உச்ச நீதிமன்றம் 1979-இல் பீரோவைத் திறக்கச் சொன்னபோது அது அங்கேதான் இருந்தது. 1988-இல் ஒரு செவிலியர் அதிகாரி மணம் முடித்தார் என்பதற்காக அதன்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அறிவுறுத்தல் 1995-இல் திரும்பப் பெறப்பட்டது. அவர் விடாமல் வழக்காடினார். 2024 பிப்ரவரியில், அந்த விதி அப்பட்டமான எதேச்சாதிகாரம் என்று சொல்லி, அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வேலை போனதற்கும் அந்த ஆணைக்கும் இடையே 36 ஆண்டு.